300 ரூபாய்ப் பையும் 80,000 கலம் தானியமும்: தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரின் எளிமை குறித்த நிகழ்வு ஆய்வு

1779ஆம் ஆண்டில் மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியைச் சந்தித்துவிட்டுச் சீரங்கப்பட்டணத்திலிருந்து திரும்பிய லுத்தரன் மிஷனரி ஒருவர், சென்னையிலிருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கத்திடம் 300 ரூபாய் அடங்கிய பை ஒன்றை ஒப்படைத்தார். அது வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்தனுப்பிய பணம். செலவைக் கம்பெனி ஏற்றிருந்ததால் பணம் தமக்குத் தேவையில்லை என்று அவர் அப்போதே மறுத்தார். கொண்டுவந்த ஆளோ, திரும்ப எடுத்துச் சென்றால் தன் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சினான். விடைபெற்றுக்கொண்ட பிறகு மறுபடியும் தர்பாருக்குள் நுழைய முடியாது என்பதால், பையை நேரில் திருப்பித் தரவும் வழியில்லாமல் போயிற்று. ஆகவே அவர் அதைச் சென்னைவரை சுமந்து வந்து, தம்மை அனுப்பியவர்களிடமே வைத்தார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னபோது, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்க அதை முதலாகப் போட்டார்.

அவர் பெயர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் இன்றும் சுவார்ட்ஸ் ஐயர் என்றே வழங்கப்படுகிறார். அவருடைய எளிமை பிரசங்க மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அது நடைமுறையில் எவ்வாறு இயங்கியது, யார் முன்னிலையில் சோதிக்கப்பட்டது, எங்கே போதாமல் போனது என்பவை அரிதாகவே கேட்கப்படுகின்றன. இந்த ஆய்வு அவற்றையே கேட்கிறது. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். சுவார்ட்ஸின் தாழ்மை அவர் உடுத்திய துணியிலோ உண்ட சோற்றிலோ மட்டும் இருந்திருந்தால் ஒரு தலைமுறைக்குள் மறக்கப்பட்டிருக்கும். அவர் கை வழியாகப் போன பணம் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்து எங்கே போனது என்பதை எதிரியும் ஏழையும் ஒருசேரப் பார்க்க முடிந்ததால்தான் அவருடைய சொல்லுக்கு எடை ஏற்பட்டது.

ஆள் நிமிர முடியாத அறை

சுவார்ட்ஸ் 1726இல் அந்நாளைய பிரஷ்யாவின் சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்தவர். ஆடம்பரமான ஆராதனையையும் பதவிப் பெருமையையும் விட மனந்திரும்பிய வாழ்க்கையே முக்கியம் என்று வலியுறுத்திய பக்திநெறி இயக்கத்துக்கு அந்நாளில் ஹாலே ஒரு தலைநகரம் போல இருந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய முன்னோடி மிஷனரி சீகன்பால்குவும் அதே ஊற்றிலிருந்து வந்தவரே. சுவார்ட்ஸ் தமிழ் வேதாகமத்தை அச்சிடும் வேலைக்கு உதவும்பொருட்டு ஹாலேயிலேயே தமிழ் கற்கத் தொடங்கினார். புறப்படுமுன் தகப்பன் சொத்தில் தமக்குரிய பங்கை உடன்பிறந்தாருக்கு விட்டுக்கொடுத்தார். 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே, சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார்.

1760களில் அவர் திருச்சிராப்பள்ளிக்குப் போனபோது அவருடைய ஆண்டு வருமானம் ஏறத்தாழ 48 பவுன். அக்காலத்தில் அவரோடு பழகிய வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ள விவரணையைப் படிக்கும்போது அந்த வாழ்க்கை கண்முன் நிற்கிறது. பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. அதில் அவரும் அவருடைய கட்டிலும் கொள்ளும் அளவுக்கு இடம். நடுத்தர உயரமுள்ள ஆள் கூட நிமிர்ந்து நிற்க முடியாத கூரை. இந்த ஊர்ப் பக்குவத்தில் சமைத்த சோறும் காய்கறியும் சாப்பாடு. கறுப்புச் சாயம் தோய்த்த முரட்டுப் பருத்தித் துணியில் ஓர் ஆண்டுக்கான உடுப்பு. இவற்றால் மனநிறைவோடு, காலையிலும் மாலையிலும் போதிக்கவும், இடைப்பட்ட நேரத்தில் கோட்டையின் சிப்பாய்களைப் பார்க்கவும் அவர் போய்வந்தார்.

கோட்டைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் இந்த அறையைத் தெரியும். பண்டங்களை மலிவாக வாங்கிக் கொள்ளை இலாபத்துக்கு விற்ற கம்பெனி உத்தியோகஸ்தர்கள் சில ஆண்டுகளில் செல்வந்தர்களாகி ஊர் திரும்பிய காலம் அது. அதே நிறம், அதே கண்டம், அதே மதம் உடைய ஒரு மனிதர் ஆண்டுகள் கடந்த பின்னும் அதே எளிமையில் இருப்பதை மக்கள் பார்த்தார்கள். 1768இல் கம்பெனி அவரைச் சேனைக்குக் குருவாக நியமித்து ஆண்டுக்கு 100 பவுன் கொடுக்கத் தொடங்கியபோது, முதல் ஆண்டின் தொகையை அவர் மிஷனின் கட்டட வேலைக்கே கொடுத்தார். சம்பளம் இருமடங்குக்கு மேல் உயர்ந்தும் சாப்பாடு மாறவில்லை.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். சுவார்ட்ஸ் பணத்தைத் தீண்டாத துறவி அல்லர். பிற்காலத்தில் அவர் கையில் கணிசமான தொகை சேர்ந்தது. அதைக் கவனமாகப் பெருக்கி, இறுதியில் மிஷனுக்கே எழுதி வைத்தார். வறுமையைத் தேடிப் போகாமல், பணம் தம்மிடம் தங்காதபடி பார்த்துக்கொண்டார் என்பதே சரியான விவரிப்பு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் அவரை ஒரு படத்துக்கான பரதேசியாக்கிவிடுகிறார்கள். அப்போது எளிமையே வெளிவேஷத்தின் இன்னொரு வடிவமாகிவிடுகிறது.

சீரங்கப்பட்டணம்

1779இல் சென்னை கவர்னராக இருந்த ரம்போல்டு, ஹைதர் அலியின் நோக்கத்தை அறிய ஆள் அனுப்ப விரும்பினார். கம்பெனியின் தூதர்கள் யாரையும் நம்பத் தயாராயில்லாத ஹைதர், அந்தக் கிறிஸ்தவரை அனுப்பினால் கேட்கிறேன், அவர் தன்னை ஏமாற்றமாட்டார் என்ற கருத்துப்பட, சுவார்ட்ஸையே பெயரிட்டுக் கேட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இருந்த ஒரு போதகரின் பெயர் மைசூர் தர்பார்வரை எட்டியிருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

சுவார்ட்ஸ் தயங்கினார். அரசியல் தூது ஊழியக்காரனுடைய வேலையல்ல என்பதை அவர் உணர்ந்திருந்தார். போர் தவிர்க்கப்படலாம் என்பதும், போகிற வழியில் வசனத்தைச் சொல்லலாம் என்பதும், கம்பெனி தமக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறாக இருக்கும் என்பதும் அவர் இசைந்ததற்கான காரணங்களாக அவரே பிற்காலத்தில் குறிப்பிட்டவை. கூடவே, எந்தப் பரிசிலும் கை வைப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

ஜூலையில் புறப்பட்டு, கரூரில் அனுமதிக்காக வெகுநாள் காத்திருந்து, கஜ்ஜல்ஹட்டிக் கணவாய் வழியே ஆகஸ்டு இறுதியில் சீரங்கப்பட்டணம் சேர்ந்தார். அவருடைய நாட்குறிப்பில் எதிரியைத் தாழ்த்தும் சொல் தேடினாலும் கிடைப்பது அரிது. மழையில் உடைந்த பாதையையும் பாலத்தையும் ஹைதரின் ஆட்கள் உடனுக்குடன் செப்பனிடுவதையும், ஐரோப்பியர் ஆளும் பகுதியில் எல்லாம் பாழாய்ப் போவதையும் ஒப்பிட்டு அவர் எழுதியிருக்கிறார். தம்மை அனுப்பியவர்களின் குறையை எழுதத் தயங்காத தூதர் அவர். ஹைதர் அவரைத் தம் அருகில் கம்பளத்தில் அமர்த்தினார். விடைபெறும் மாலையில் ஹைதரின் வேண்டுகோளின்படி சுவார்ட்ஸ் அவர் முன் பாரசீகத்தில் பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைக்கு வெளியே கூடாரத்தில், ஹைதரின் படையில் இருந்த ஐரோப்பியருக்கும் தமிழருக்கும் அவர் ஆராதனை நடத்துவதற்குத் தடையேதும் வரவில்லை.

அரசியல் அளவில் தூது தோற்றது. ஹைதர் ஆங்கிலேயர் மீறிய உடன்படிக்கைகளை எடுத்துச் சொன்னார். சென்னை அரசாங்கம் அதற்கு ஏற்ற பதில் எதையும் செய்யவில்லை. 1780 ஜூலையில் மைசூர்ப் படை கர்நாடகத்துக்குள், அதாவது அந்நாளில் அப்பெயரால் வழங்கிய ஆர்க்காட்டு நவாபின் தமிழ்ப் பகுதிக்குள், இறங்கியது. ஆனால் போர் நடந்துகொண்டிருந்தபோதும் சுவார்ட்ஸ் கிராமங்களுக்குள் நடமாட முடிந்தது. அவர் பரிசுத்தமான மனிதர், நம் அரசுக்குத் தீங்கு நினையாதவர், அவரைத் தடுக்காமல் மரியாதையுடன் போகவிடுங்கள் என்று ஹைதர் தம் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருந்தார். 300 ரூபாய்ப் பையின் செய்தி அவருக்கு எட்டியதா என்பது இருக்கட்டும். பரிசு தேடாத கையை நேரில் பார்த்தவர் அவர்.

நாணயம்

இந்த ஆய்வின் மையம் 1781. போரினால் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். சிப்பாய்கள் காவல் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார்கள். தெருக்களில் பிணங்கள் கிடந்தன. வெளியே, வயல்வெளிக் கிராமங்களில் போதிய தானியம் இருந்தது. அதைக் கோட்டைக்குள் கொண்டுவர மாடுகள் இல்லை; மாடு வைத்திருந்தவர்கள் தர மறுத்தார்கள். நல்ல காலத்தில் அரசாங்கத்தின் துபாஷிகள் எனப்பட்ட இடைத்தரகர்கள் அவர்களுடைய கூலியையும் விலையையும் பிடுங்கிக்கொண்டிருந்ததால், அரசனுடைய ஆணையையும் கம்பெனியின் ஆணையையும் அவர்கள் ஒருசேர நம்ப மறுத்தார்கள்.

அப்போது தஞ்சாவூரை ஆண்ட துளஜா மன்னர், ஆங்கிலேயருக்கும் தமக்கும் நாணயம் போய்விட்டது, ஊரார் சுவார்ட்ஸையாவது நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்று சொன்னார். தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் வாக்கின் உண்மையையும் குறிப்பதால், அந்த நெருக்கடியை விவரிக்க இதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்காது. கோட்டையில் காசு இருந்தும் நாணயம் இல்லை.

சுவார்ட்ஸ் ஊர்த் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், வழியில் எதிரி பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு மாட்டுக்கும் விலை தருவதாகவும் வாக்களித்தார். உபதேசியார்களும் பிறரும் உயிருக்குத் துணிந்து கிராமங்களுக்கு ஓடினார்கள். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் (கலம் என்பது பழைய தானிய அளவு) தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. எல்லாம் முடிந்தபின் ஒவ்வொருவருக்கும் பணம் கொடுத்து, சிறு அன்பளிப்பும் தந்து வீட்டுக்கு அனுப்பினார். கணக்குத் தீர்க்கத் தம்மிடமிருந்த, பிறருக்குரிய கொஞ்சம் பணத்தையும் எடுக்க நேர்ந்ததை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

உறுதிமொழியின் விவரத்தை இன்னொரு முறை பாருங்கள். "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்" என்று அவர் எழுதியனுப்பவில்லை. மாடு போனால் மாட்டு விலை என்றார். ஏழை விவசாயியின் பயம் எது என்று தெரிந்து, அந்த இடத்தில் தம்மைப் பிணையாக வைத்தார். விசுவாசத்தின் தாழ்மை என்பதைச் சொற்களின் இனிமையில் தேடுகிறவர்கள் இந்தக் கடிதத்தின் உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்குப் பின் இதே கதை வேறு வடிவில் திரும்ப நடந்தது. கொடுமையான வரி வசூலுக்கு அஞ்சிப் பயிர்த்தொழிலைக் கைவிட்டு ஓடிய குடிகளை மன்னர் சலுகை அறிவித்து அழைத்தும் யாரும் வரவில்லை. சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்ததும் முதலில் கள்ளர் சமூகத்தார் திரும்பினார்கள். பிறகு ஒரே நாளில் 7,000 பேர் வந்தார்கள். நீங்கள் எங்களுக்கு இரங்கியதற்காக இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பருவம் விளைச்சல் நன்றாக இருந்தது. தென்னகப் படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் புல்லர்ட்டன், ஐரோப்பியர் எல்லாரும் ஒழுக்கம் கெட்டவர்கள் என்ற பழியிலிருந்து அவர்களுடைய பெயரை மீட்டவர் இந்த மிஷனரி என்ற கருத்தை எழுதினார். அந்தப் புகழ்ச்சிக்குள் ஒரு பெரிய குற்ற ஒப்புதலும் அடங்கியிருக்கிறது.

இந்த விவரங்கள் நமக்கு வந்து சேர்ந்த வழியும் ஆய்வுக்குரியது. இவற்றில் பலவும் அவர் 1794இல் லண்டனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் உள்ளன. 1793இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் கம்பெனியின் உரிமைப் பட்டயம் விவாதிக்கப்பட்டபோது, தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் நாட்டிலேயே மோசமானவர்கள் என்ற பொருளில் ஓர் உறுப்பினர் பேசினார். அதற்கு மறுப்பாகவே, எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த சுவார்ட்ஸ் தாம் செய்தவற்றை எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் விளம்பரப்படுத்தாமல் வைத்திருந்ததை, தம் சபையாரின் மானத்தைக் காக்க வேண்டிய கட்டாயத்தில் வெளியில் எடுத்தார். தாழ்மையுள்ளவன் தன்னைப் பற்றிப் பேசவே கூடாது என்று விதி செய்வது எளிது. பிறருக்கு அவதூறு வரும்போது மௌனம் யாருக்கு நன்மை என்ற கேள்வியை அந்த விதி தாங்காது.

எண்ணிக்கையைப் பற்றி

பாளையங்கோட்டையில் திருச்சபைக்கு வித்திட்ட குளோரிந்தா அம்மையார், பிராமண விதவை. அவர் ஓர் ஆங்கில அதிகாரியுடன் மணமின்றி வாழ்ந்த காலத்தில் ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்தார். உயர்சாதிப் பெண் ஒருவர் மனம் மாறினார் என்ற செய்தி ஐரோப்பாவில் காணிக்கை தருவோரிடையே எவ்வளவு பெரிதாகப் பேசப்பட்டிருக்கும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஹாலேயில் மிஷன் அறிக்கைகள் தொடர்ந்து அச்சாகிக்கொண்டிருந்தன. அந்த அதிகாரி இறந்தபின், 1778இல், ஞானஸ்நானம் கொடுத்தார். 1785இல் அந்த அம்மையார் பாளையங்கோட்டையில் ஓர் ஆலயம் எழுப்பினார். மறுப்பு கடுமையானதுதான், அதன் நியாயத்தை இன்று சிலர் வேறு விதமாகக் காணலாம். ஆனால் அறிக்கைக்காகத் தலை எண்ணும் ஊழியத்தில் இப்படிப்பட்ட மறுப்புக்கு இடமே இருந்திருக்காது. கூட்டத்தின் அளவாலும் மேடையின் உயரத்தாலும் ஊழியத்தை மதிப்பிடும் பழக்கம் நம் சபைகளில் வேரூன்றிவிட்டதைப் பார்த்து வருந்துகிறவன் என்ற முறையில், இந்த நிகழ்ச்சி எனக்கு மிக நெருக்கமானது.

தாழ்மை போதாத இடங்கள்

1787இல் துளஜா மன்னர் மரணத் தறுவாயில், தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சரபோஜியை சுவார்ட்ஸின் கையில் ஒப்படைக்க விரும்பினார். இவன் என் பிள்ளையல்ல, உம்முடைய பிள்ளை என்றார். சுவார்ட்ஸ் அந்தப் பொறுப்பைத் தனியே ஏற்க மறுத்தார். மாதத்தில் ஓரிரு முறை வந்து பார்ப்பதைத் தவிரத் தம்மால் என்ன செய்ய முடியும், அரண்மனைச் சூழ்ச்சிகளிலிருந்து குழந்தையைக் காக்கத் தமக்கு ஏது பலம் என்று கேட்டு, மன்னரின் சகோதரர் அமர்சிங்கைப் பாதுகாவலராக்கும்படி ஆலோசனை சொன்னார். பதவி வேண்டாம் என்ற அந்த மறுப்பு அவருடைய குணத்துக்கு முற்றிலும் இயைந்தது. விளைவோ கொடியது. அமர்சிங் அரியணையைத் தாமே எடுத்துக்கொண்டார், சிறுவன் வெளிச்சமில்லாத இடத்தில் அடைத்து வைக்கப்பட்டான், படிப்பும் மறுக்கப்பட்டது.

இந்த இடத்தில் சுவார்ட்ஸைப் புகழ மட்டும் எழுதுகிறவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் கடக்க விரும்பவில்லை. அதிகாரத்தை மறுப்பது எப்போதும் தாழ்மையாகாது; அந்த அதிகாரம் ஒரு குழந்தையின் பாதுகாப்பாக இருக்கும்போது மறுப்பின் விலையைக் குழந்தையே கொடுக்கிறது. சுவார்ட்ஸ் இதை உணர்ந்தார் என்பதற்கு அவருடைய பின்னைய ஆண்டுகளே சாட்சி. கம்பெனி அரசாங்கத்துக்கு விடாமல் எழுதி, சிறுவனின் நிலைமையை வெளிப்படுத்தி, முன்னர் மறுத்த பாதுகாவலர் பொறுப்பைப் பின்னர் ஏற்றுக்கொண்டார். 1793இல் சரபோஜி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் படிக்க வைக்கப்பட்டார். தத்தெடுத்தது செல்லாது என்று முன்பு வழங்கப்பட்டிருந்த தீர்ப்பு மறுபடியும் விசாரிக்கப்பட்டு, 1798இல் அரியணை அவருக்கு வந்தது. அரண்மனை அரசியலில் இறங்காத ஊழியக்காரர் என்ற பெயரை விட்டுக்கொடுத்துத்தான் அந்தப் பிள்ளையை மீட்க முடிந்தது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அவர் காலத்துத் தஞ்சாவூர் ஆலயத்தில் வேளாளக் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களும் தனித்தனிப் பக்கங்களில் அமர்ந்தார்கள். காலப்போக்கில் போதனையால் இது மாறும் என்று நம்பி, பழைய மிஷனரிகளைப் போலவே சுவார்ட்ஸும் பொறுத்துப் போனார். அது மாறவில்லை. அவர் வளர்த்த பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரே 1820களில் அந்தப் பழைய வழக்கத்துக்காக வாதாடினார். 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனடியாக ஒழிக்க ஆணையிட்டபோது பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். சாயத் துணி உடுத்தித் தரைமட்டமாக வாழ்ந்த போதகரின் ஆலயத்துக்குள்ளேயே மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இருந்தன. தனிமனிதனின் தாழ்மை தானாகவே சபையின் தாழ்மையாகிவிடாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று எனக்குத் தெரியாது.

பொன் துணி

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் இறந்தார். சரபோஜி ஒருமுறை முகத்தைப் பார்க்க விரும்பியதால் பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். அவர் வந்து உடல்மேல் விழுந்து அழுது, அதன்மேல் பொன்னிழைத் துணி ஒன்றைப் போர்த்தினார். கல்லறைக்குப் போகும் வழியில் பாடுவதற்கென்று ஞானப்பாட்டு ஒன்றை ஆயத்தம் செய்திருந்தார்கள். கூடிய ஏழைகளின் அழுகுரலில் அதைப் பாட முடியாமல் போயிற்று.

பிறகு கற்கள் வந்தன. கம்பெனி சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தது. சரபோஜி லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் சலவைக்கல்லில் ஒரு சிற்பம் செய்வித்து, சிவகங்கைக் குளத்தருகே 1779இல் எழுந்த ஆலயத்தில் நிறுவினார். அதில் படுக்கையில் கிடப்பவரின் கையைப் பற்றியபடி மன்னர் நிற்கிறார். காலடியில் பள்ளிப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

கல்லறைக் கல்லுக்குச் சரபோஜி தாமே ஆங்கிலத்தில் சில வரிகளை எழுதினார். இந்து மன்னராகவே வாழ்ந்து இந்துவாகவே இறந்தவர் அவர். உறுதியும் தாழ்மையும் ஞானமும் உடையவர் என்று தொடங்கி, அநாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்று அந்த வரிகள் போகின்றன. அவற்றினிடையே, தம் பத்தாவது வயதிலிருந்து பதினோரு ஆண்டுகள் அவரை அருகிலிருந்து பார்த்த அந்த மன்னர் இன்னொன்றையும் பொறித்து வைத்தார்: வேஷம் அற்றவர்.